ஐஸ் பெட்டிக்காரப் பெண்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என் மார்புக் கட்டியை அறுத்தெடுக்கும் நாளன்று, அதில் ஒரு துண்டு கேட்டு ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கொண்டையில் செருகிய பேனா, மடியில் ஐஸ் பெட்டி. பேசிக்கொண்டே அதன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள்.

“ஒடம்புல இருக்கற செல்லுக்கெல்லாம் சின்னச் சின்னக் கதவு இருக்குதுங்க பாட்டி. உப்பு அது வழியாத்தான் போய்வரும். கட்டியில அந்தக் கதவுக கண்டபடி தொறந்துக்குது. செல்லு நிக்காம வளர்றதுக்கு அதுவும் ஒரு காரணமுங்க. அதை மூட மருந்து தேடறோம்.”

“மொதல்ல உம்பட பெட்டிய மூடு கண்ணு, ஐஸ் உருகுது.”

அவளுக்குக் கொட்டாவியும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“அந்த மருந்து எனக்கு ஆகுமா அம்மணி?”

மற்றவர்களெல்லாம் என்னிடம் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும், “இல்லீங்க பாட்டி. அதுக்கு ரொம்ப வருசமாகுமுங்க,” என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கட்டு மாற்றப் போனபோது வராந்தாவில் ஓடி வந்தாள். வாடிய முகம் அன்றைக்குத்தான் மலர்ந்திருந்தது.

“பாட்டி, உங்க செல்லு எங்க லேப்ல நல்லா வளருதுங்க!”

“வேளாவேளைக்குச் சோறு போடறயாக்கும்?”

“ஞாயித்துக்கெழமகூடப் போய் சத்துத் தண்ணி ஊத்தறேனுங்க.”

எது சாகவேண்டுமென்று நான் கத்திக்குப் படுத்தேனோ, அதை அவள் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். மிச்சம் எனக்குள் இருக்கிறதா என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை. மருந்து ஏறி அசந்து கிடக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் வருகிறது. அவளை வாழ்த்துவதா வைவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.