அம்மா நீலம் போட்ட புடவைகள்

எங்கள் அம்மாவுக்குத் துணி துவைக்கத் தெரியாது என்று ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வெகு காலம் ஒரு பேச்சு இருந்தது. அம்மா அதை மறுத்ததே இல்லை. மற்ற விஷயங்களில் ஒரு சொல் தாங்கமாட்டாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு ட்ரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவாள் என்றார் அப்பா. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கையால் ஒரு கைக்குட்டையைக்கூட முறுக்கிப் பிழிய முடியவில்லை.

அத்தை கல்யாணத்துக்கு முன்பே துணிக்குச் சாயம் ஏற்றவும், வெட்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கவும் கற்றிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், பின்பக்கத்து முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, அலுமினிய அண்டாவில் சாயம் காய்ச்ச ஆரம்பித்தாள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்புறம் எதிர் வரிசைப் பெண்கள் வந்தார்கள். ஃபேக்டரியில் கொடுக்கும் யூனிஃபார்ம் துணியில் மிச்சம் பிடித்த துண்டுகள் எல்லார் வீட்டிலும் மூட்டையாகக் கிடந்தன. அதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்தால் எங்கள் முற்றம் வகுப்பாகிவிடும்.

அம்மா அந்த வகுப்பில் சேரவில்லை. அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். தரையெல்லாம் கறை, விறகெல்லாம் வீண் என்று முணுமுணுப்பாள். ஆனால் சாயத்திலிருந்து எடுத்த துணியைப் பிழிய வேண்டிய நேரத்தில் அத்தை கூப்பிடாமலே எழுந்து போய்ப் பிழிந்து கொடுத்துவிட்டு, மறுபடி வந்து முறத்தை எடுத்துக்கொள்வாள். அவள் விரல் நகங்கள் அந்த மாதங்களில் ஒரு நாளும் ஒரே நிறத்தில் இருந்ததில்லை.

அத்தை பாடம் நடத்துவதைக் கேட்க நன்றாக இருக்கும். "தண்ணி கொதிச்சா மட்டும் போதாதுக்கா. கல்லுப்பு அள்ளிப் போடணும். உப்பு போட்டாத்தான் சாயம் துணியப் புடிச்சிக்கும். இல்லாட்டி ரெண்டு அலசு அலசினா வந்த வழியே போயிடும்" என்பாள். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்வாள். எனக்கே மனப்பாடம்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் சங்கத்தில் வருஷத்துக்கொரு கண்காட்சி நடக்கும். சங்கத் தலைவி ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. அத்தையின் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார். கண்காட்சியில் ஒரு போர்வை வை, அது எடுபட்டால் சங்கத்திலேயே உனக்கு டீச்சர் வேலை என்று சேதி. மாமா வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருப்பதற்கு அத்தையிடம் இருந்த ஒரே வழி அதுதான். இது எனக்கு அப்போது தெரியாது. பரிசு என்றால் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள், அதை எனக்குத் தருவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கண்காட்சிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மாமாவிடமிருந்து சேதி வந்தது. வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன், பகல் ராகுகாலம் தொடங்கும் முன்பே படியிறங்கிவிட வேண்டும் என்று அவருடைய அம்மா நேரம் பார்த்திருக்கிறாளாம். அத்தை, "கண்காட்சி முடியட்டும்ணா" என்று அப்பாவிடம் மெல்லச் சொன்னாள். "புருஷன் வந்து கூப்பிடும்போது போகலைன்னா நாலு பேர் இன்னா சொல்லுவாங்க?" என்று அப்பா கேட்டார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அப்பாவுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும். அம்மா என்னைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் இரண்டு படி கல்லுப்பு வாங்கி வரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை மாமா வந்துவிட்டார். சலவை வேட்டி, பழப் பை, எனக்கொரு பிஸ்கட் பாக்கெட். மிகவும் மரியாதையாகப் பேசினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரும் அப்பாவும் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, அத்தை முற்றத்து அடுப்பில் கடைசி வகுப்புக்கென்று கருநீலச் சாயத்தைக் காய்ச்சி இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொள்ளப் போனாள்.

திரும்பி வந்தவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் முற்றத்துக்கு ஓடினோம். அண்டா நிறையப் புடவைகள் ஊறிக்கொண்டிருந்தன. அத்தையின் ட்ரங்குப் பெட்டி பக்கத்தில் காலியாகத் திறந்து கிடந்தது. அம்மா கையில் ஒரு குச்சியோடு நின்றாள்.

"கசங்கின பொடவையோட அனுப்புனா நல்லாவா இருக்கும், கஞ்சி போட்டு நீலம் போட்டு அனுப்பலாம்னு பாத்தேன்" என்றாள் அம்மா. "சொட்டு நீலம் கலக்கி வச்சிருக்குன்னு நெனச்சி முக்கிட்டேன்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கண்ணு பொட்டையாடி உனக்கு? சரி, உன் பொடவை ஒண்ண எடுத்துக் குடு. கட்டிக்கினு கெளம்பட்டும்."

"என்னுதும் அதுலதான் கீது."

அம்மாவிடம் இருந்ததே நாலைந்து நல்ல புடவைகள். எல்லாம் அண்டாவில் இருந்தன. அத்தை கட்டியிருந்ததோ சாயக்கறை படிந்த பழசு.

அத்தை அப்பாவைச் சமாதானப்படுத்தினாள். "விடுண்ணா. நல்லவேளை, இதுல இன்னும் உப்பு போடல. அலசினா போயிடும்." சொல்லிக்கொண்டே அண்டாவில் விரலை விட்டாள். பிறகு, ஏனோ, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். சாயத்தை யாராவது நக்குவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவாதுண்ணா" என்றாள் அத்தை. "ஏறிடுச்சு."

குழாயடியில் அலசிக் கொடியில் போட்டார்கள். கறுப்புக்கு அண்ணன் போன்ற நீலத்தில் புடவைகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டு நின்றன. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல காரியத்துக்குக் கெளம்புற நேரத்துல கறுப்பு. எங்கம்மா கேட்டா வாசப்படி ஏத்தாது" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு புடவை இரவல் கேட்கலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். இரவல் புடவையில் பெண்டாட்டியை அழைத்துப் போக மாமாவின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நல்ல நாள் பார்த்து வருகிறேன் என்று தனியாக ரயிலேறினார்.

அந்த நல்ல நாள் கிடைக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் அத்தை அந்தப் புடவைகளையெல்லாம் வெட்டிப் போர்வை தைத்துவிட்டாள். பருத்தியில் கருநீலம், கலப்பு நூலில் வெளிர் நீலம், பழைய சிவப்புப் புடவையில் ஊதா என்று ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு மாதிரி நிறம் வாங்கியிருந்தது. பரிசு இரண்டாவதுதான், வேலை கிடைத்துவிட்டது. மாமா மறுபடி வந்தபோது, "எனக்கு கிளாஸ் இருக்குது" என்று அத்தை வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு முகப்பேர், அம்பத்தூர் என்று பல இடங்களில் அவள் வகுப்பு நடத்தினாள். அம்மாவும் அவளும் வாளிக்கும் கொடிக்கும் முன்போலவே சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மா அந்த வருஷம் முழுக்க இரண்டு பழம்புடவையில் காலம் தள்ளினாள்.

அன்றைய மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. கிளம்பும் முன் மாமா இரண்டு வாய் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பில்லை. பொரியலிலும் இல்லை. அப்பா சத்தம் போட்டதற்கு, "ஊட்ல உப்பு இல்ல. தீந்துபோச்சு" என்று அம்மா நிதானமாகச் சொன்னாள். இந்த வாரம்தானே இரண்டு படி வாங்கி வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள். அந்தச் சப்பென்ற சாம்பாருக்காக அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.