கூண்டு இல்லாத பால்காரி

எங்கூரு ரோட்டுமுக்குல பஸ்சுக்கு நிக்கறவங்களுக்கு ஒரு கூர வேணும்னு நாலு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கில்லீங்க, என் வூட்டுக்காரிக்கு. முட்டி தேஞ்சு போச்சு. மாசம் ஒருக்கா தருமபுரி ஆசுபத்திரிக்குப் போவணும், பஸ்சு வர்ற வரைக்கும் வெயில்ல நிக்க முடியல. ஆனா அதே எடத்துல செல வெக்கணும்னு ரெண்டு கூட்டம் அடிச்சுக்குது. இவங்களுக்கு ஒரு தலைவரு, அவங்களுக்கு ஒரு தலைவரு.

இந்த ரகளைக்கு நடுவுலதான் மவ என்னைய ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஓவியேதோன்னு ஒரு பழைய ஊரு, அதுல கம்பெனி வேல அவளுக்கு. முட்டியால அவங்கம்மா வரல.

மொத நாளு மலமேல ஒரு கட்டடம். ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சாம், ராசா கட்டுனதாம், அப்புறம் சர்ச்சா ஆச்சாம். பாப்பாரப்பட்டியில ஒரு புளி மண்டி இருக்குமே, அந்த அளவுதான். தூணெல்லாம் கயிறு முறுக்குன மாதிரி செதுக்கியிருக்கான். எங்கயாவது உபயம்னு பேரு போட்டிருக்கான்னு உத்து உத்துப் பாத்தேன். இல்லீங்க. எங்கூரு கோயில்ல டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தவரு பேரு வெளிச்சத்தையே மறைக்குது. பழக்கத்துல செருப்ப வாசல்லயே வுட்டுட்டுப் போயிருந்தேன், காரிமங்கலம் சந்தையில வாங்குனது. வெளிய வந்தா நாலு பேரு அத சுத்தி நின்னு போட்டோ எடுக்கறாங்க.

மறுநாளு மியூசியம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள, லைட்டு போட்டு, ஒரு திருகக்கல்லு. எங்காத்தா கேவுரு அரைச்சுதே, அதே மாதிரி. எங்களுது மாட்டுக்கொட்டாயில கெடக்குது, அதுமேல கோழி தூங்குது.

"இதுக்கா டிக்கெட்டு வாங்குன?"

"மெதுவா பேசுப்பா"ன்னா.

அப்புறம் கடத்தெரு. ஒரு பொம்பள, ஒரு கழுத, பால் கேனு. நான் ஒதுங்கி வழி வுட்டேன். மவ சிரிச்சா.

"அது செலப்பா. வெங்கலம்."

"கூண்டு எங்க?"

"எதுக்குக் கூண்டு?"

"எந்தக் கட்சி?"

"பால்காரிப்பா அவ. கட்சியெல்லாம் இல்ல."

"சரி, எந்தச் சாதி?"

வெடுக்குன்னு முன்னால நடந்துட்டா. எலக்சன் வந்தா துணி போட்டு மூடுவாங்களான்னும் கேக்கலாம்னு இருந்தேன், வுட்டுட்டேன்.

ஊருக்கு வந்தா தாசில்தாரு பேச்சுவார்த்த வெச்சிருந்தாரு. நான் எந்திரிச்சு சொன்னேன், "ரெண்டு தலைவரும் வாணாங்க. பால்காரி ஒருத்திய வெச்சு, பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு கூர போடுங்க."

ரெண்டு கூட்டமும் மொத தடவையா ஒரே கொரல்ல கேட்டுச்சு: "அவ எந்தச் சாதி, பெருசு?"

அங்க நான் கேட்ட அதே கேள்வி. உக்காந்துட்டேன்.

செலைக்கு அனுமதி இன்னும் வரல. எந்தத் தலைவரு வந்தாலும் கூண்டு வேணும்னு ரெண்டு கூட்டமும் சேந்து அத மட்டும் போட்டுட்டாங்க. முழங்கா ஒசரத்துக்குப் பீடம், சுத்தியும் இரும்புக்கம்பி, தலைவரு நனையக்கூடாதுன்னு மேல தகரம். சாவி யாருகிட்ட இருக்கறதுன்னு சண்ட, அதனால பூட்டு போடல.

போன வாரம் ஆசுபத்திரிக்குப் பொறப்பட்டோம். வெயிலு மண்டையப் பொளந்துச்சு. வூட்டுக்காரி என்னைய ஒரு பார்வ பாத்தா, கதவத் தள்ளிட்டு உள்ள போயி, தடிய மடியில வெச்சுப் பீடத்துமேல உக்காந்துட்டா. பஸ்சு வந்து நின்னுச்சு. சனமெல்லாம் சன்னல்ல எட்டிப் பாக்குது.

"என்ன ஆயா, தொறப்பு விழாவுக்கு எங்களக் கூப்புடவே இல்ல?"ன்னான் கண்டக்டரு.

"வந்து கையக் குடு சாமி, எறங்கணும்"ன்னா.