ஸ்பீக்கருக்குப் போர்த்திய ஜமுக்காளம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காது மட்டும் ரொம்ப நல்ல காது. அதுதான் வினை. சிதம்பரத்தில் என் நாத்தனார் வீட்டு ஸ்டீரியோவில் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மஞ்சக்குப்பத்தில் என் வீட்டிலும் அதே செட்டுதான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து கத்துவது போலிருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

"எப்புடிடி?"

"தடிமனா ஒரு ஜமுக்காளம் போட்டேன் அண்ணி. சத்தம் எதிரொலிக்காது..."

மேலே கேட்க எனக்குப் பொறுமை ஏது? வீட்டுக்கு வந்ததும் பவானி ஜமுக்காளத்தை எடுத்து ஸ்பீக்கர்கள் மேலேயே போர்த்தினேன். மிக்ஸிக்கும் டிவிக்கும் துணி போடுகிறோமே, அதுபோல.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தாள். பெருமையாகப் பாட்டைப் போட்டேன். யாரோ முனகுவதுபோல் வந்தது.

"அய்யோ அண்ணி, சுவத்துல மாட்டணும்! பாடுறவரு வாயப் பொத்திட்டீங்களே!"

வயிறு குலுங்கச் சிரித்தவள், தானே ஸ்டூலில் ஏறி, எதிர்ச்சுவரில் ஆணியடித்து ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டாள். பாட்டு கணீரென்று தெளிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எங்க வூட்டவிட ஜோராதான் கேக்குது," என்றாள். முகம் லேசாகச் சுருங்கியது.

சிதம்பரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் முகத்தில் அப்போதுதான் பார்த்தேன். "உக்காருடி, காப்பி போடுறேன்" என்று சொல்லி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.