கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம்

எங்கள் ஆலயத்தின் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இந்தியா தொங்கிக்கொண்டிருந்தது. பனியன் துணியில் வரைந்த இந்தியா. வரைந்தவர் எங்கள் சபைச் செயலாளர். அனுப்பர்பாளையத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தவர். காசு கொடுத்து வேறு துணி எதற்கு என்று கையில் கிடந்ததிலேயே வரைந்துவிட்டார். பனியன் துணி தொங்கினால் இழுபடும் என்பது திருப்பூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அன்று எப்படியோ மறந்துவிட்டது. வருஷம் போகப் போக இந்தியா நீண்டு, கன்னியாகுமரி ஆர்மோனியப் பெட்டிமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அவர் இருக்கும்போது சிரிக்கிற துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

வடநாட்டில் நாங்கள் காணிக்கை அனுப்பித் தாங்கிவந்த மிஷனரிகளின் ஊர்களுக்கு அதில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். வாராவாரம் பிரசங்கம் முடிந்ததும் அவர் எழுந்து அந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். மற்றவர்கள் ‘தேவரீர்’ என்று ஆரம்பிக்கும் இடத்தில், இவர் ஆண்டவரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். “அந்த ஊரு சனத்தையெல்லாம் நீங்கதானுங்க பார்த்துக்கோணும்” என்பார். ஜார்கண்டின் ஊர்ப் பெயர்கள் அவர் வாயில் பெருமாநல்லூருக்குப் பக்கத்து ஊர்களைப் போலவே ஒலிக்கும். கேட்கக் கேட்க எங்களுக்கும் அவை மனப்பாடம் ஆகிவிட்டன.

வருஷத்துக்கு ஒருமுறை மிஷனரி ஞாயிறு. அன்று ஆயரும் மூப்பர்களும் அந்தப் படத்துக்கு முன் வரிசையாக நின்று, வலது கையை உயர்த்தி, சுவிசேஷப் பணிக்குத் தங்களைப் புதிதாக ஒப்புக்கொடுப்பார்கள். ‘எங்களை அனுப்பும், போவோம்’ என்று அவர்கள் சொல்ல, சபையும் எழுந்து நின்று திருப்பிச் சொல்லும். சொல்லிவிட்டு எல்லோரும் நேராகப் பிரியாணிக்குப் போவோம். கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் நாங்கள் அதை மனதாரச் சொன்னதும் உண்மைதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டு முடிகிற காலம். ரயில் ரயிலாக வடநாட்டுப் பையன்கள் திருப்பூரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தலையைப் படிய வாரி, துவைத்த சட்டையுடன் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். வாட்ச்மேன் குழாயைக் காட்டுவார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். வேலை தேடி வந்தவர்கள், தாகத்துக்கு ஒதுங்குகிறார்கள் என்றுதான் சபை முழுவதும் நினைத்தது. உள்ளே நாங்கள் வடக்கே போவதாகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். வடக்கு எங்கள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷத்து மிஷனரி ஞாயிறு முடிந்த அதே வாரம் அந்தப் பையன்கள் ஆயர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களோடு ஒரே அறையில் இருந்தவன் மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டில்லிக்காரர்களோடு மல்லுக்கட்டி எனக்கு அரைகுறையாக இந்தி வரும் என்பதால் ஆயர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பையன்கள் சொன்னதை ஆயருக்குத் தமிழில் சொன்னேன். அவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. பொது மயானத்தில் எரித்துவிடாமல், ஜெபம் பண்ணிச் சிலுவை நட்டு மண்ணில் வைக்க வேண்டும். பையனின் தாய் போனில் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று மத்தியானமே கமிட்டி கூடியது. பெண்கள் சார்பில் நானும் அதில் ஓர் உறுப்பினர். என் வேலை பெரும்பாலும் டீக்குச் சொல்லிவிடுவது. செயலாளர் எழுந்து சட்டத்தைச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் அங்கத்தினர்களுக்கு மட்டும்தான் இடம். பொதுப் பகுதி நிறைந்துவிட்டது. மீதி இருப்பதெல்லாம் குடும்பங்களுக்கு என்று ஒதுக்கியவை. அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்பு ஒரு சமயம், இடத்துக்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன. அந்த அசிங்கம் மறுபடி நடக்கக் கூடாதென்று அவரே பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. மூப்பர் ஒருவர், “பாவந்தானுங்க, ஆனா இன்னைக்கு ஒருத்தருக்குன்னா நாளைக்கு வரிசையா வருவாங்கல்லொ” என்றார். ஆயர் தலையைக் குனிந்துகொண்டார். வராந்தாவில் பையன்கள் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“பையன் எந்த ஊருன்னு கேளு கண்ணு” என்றார் செயலாளர் என்னிடம். எதற்கு என்று புரியாமலே கேட்டேன். பையன்களில் ஒருவன் ஊர்ப் பெயரைச் சொன்னான். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்தப் பெயரை வாராவாரம் கேட்டு வளர்ந்த சபை நாங்கள். செயலாளர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்தார். “குடும்பத்துக்குன்னு ஒதுக்குன எடத்துல யாரை வெக்கறதுங்கறது அந்தக் குடும்பத்தோட இஷ்டமுங்க. அதுவும் சட்டத்துல இருக்குதுங்க. எங்கூட்டுக்காரிக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் கெடக்குது. அதுல வெச்சுக்கலாமுங்க.”

“அண்ணா, அப்புறம் நீங்க?” என்று ஆயர் பதறினார். “எனக்கு இன்னும் வேளை வர்லீங்க. அவனுக்கு வந்திருச்சுங்களே” என்றார். அவர் மனைவி போய் அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. தினமும் யூனிட்டைத் திறப்பதற்கு முன் கல்லறைக்குப் போய்விட்டு வருகிற மனிதர். அந்த வெறும் இடத்தில்தான் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். அதைத்தான் கொடுத்தார்.

இப்போது எங்கள் ஆலயத்தில் ஞாயிறு மாலை இந்தி ஆராதனை நடக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நல்ல திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டுகிறார்கள். யார் போட்ட திட்டம்? மூப்பர்கள் இன்றைக்கும் வருஷந்தோறும் கையை உயர்த்துகிறார்கள். நானும் உயர்த்துகிறேன். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த அடக்கம்தான்.

அன்று ஷிப்மென்ட் நேரம், சரக்கு அனுப்புகிற அவசரத்தில் யாருக்கும் லீவு கிடையாது. பையன்கள் பர்மிஷன் போட்டு வந்திருந்தார்கள். அவர்கள் தங்கள் மொழியில் பாடினார்கள். ஆயர் தமிழில் ஜெபித்தார். மண் போட்டு முடிந்ததும் ஒருவன் ஊருக்குப் போன் போட்டான். எதிர்முனையில் தாய். பேச முடியாமல் அழுதவன் போனை என்னிடம் நீட்டினான். அழுகைக்கு நடுவே அந்த அம்மாள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்: என் பிள்ளை அங்கே தனியாகவா கிடக்கிறான்? நான் செயலாளரைப் பார்த்தேன். என்ன கேட்கிறாள் என்று சொன்னேன்.

“பக்கத்துல எங்கூட்டுக்காரி இருக்கறா, பையனைப் பார்த்துக்குவான்னு சொல்லு கண்ணு” என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அழுகை கொஞ்சம் அடங்கியது. பிறகு அந்த அம்மாள், பக்கத்தில் இருக்கிறவர் பெயர் என்ன, ஜெபத்தில் சொல்ல வேண்டும் என்றாள். அதையும் அவரிடம் சொன்னேன். மனைவி உயிரோடிருந்த நாளில்கூட நாலு பேர் முன்னால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாதவர், என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தப் பெயரைத் தாமே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.