ராகுகாலத்துல ஏத்துன புது வெர்ஷன்

ஒழுங்கா ஓடிக்கிட்டிருக்கிற வெப் சர்வர அப்டேட் பண்றது, அசந்து தூங்குற கைப்பிள்ளைக்குச் சட்ட மாத்துற மாதிரி. முழிச்சிருச்சுன்னா அன்னைக்கு நம்ம பொழப்பு அம்புட்டுதான். இந்தத் தொழில்ல வந்து மாட்டிக்கிட்ட மக்களே, ஒங்களுக்குத் தெரியாததா.

நான் இருக்கிறது சின்னமனூர். எங்கனயோ கெடக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல ஒரு மூலைய வாடகைக்குப் புடிச்சு, லினக்ஸப் போட்டு, நம்ம பக்கத்துக் கடைகளோட வெப்சைட்ட அதுல ஓட்டுறேன். வாரவுகளுக்கு அந்த சைட்டுகள எடுத்துக் காட்டுற வெப் சர்வர் பழைய வெர்ஷன். இனிமே ஓட்ட விழுந்தா அடைக்க மாட்டோம்னு அதச் செஞ்சவுக கைய விரிச்சிட்டாக. மாத்தலைன்னா எவனாச்சும் உள்ள பூந்துருவான். மாத்தயில படுத்துருச்சுன்னா எல்லார் கடையும் ஒண்ணா மூடிக்கும்.

ஆடி மாசம்

மார்க்கையன்கோட்டைப் பக்கம் ராசாத்தியக்கா கல்யாண மண்டபம் வச்சிருக்காக. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன சனம் அங்கன இருந்தே தேதி புடிக்கிறதால, அக்காவுக்கு வெப்சைட்தான் வாசக்கதவு. அது ஒரு நாள் தொறக்கலைன்னா சனம் பக்கத்து ஊரு மண்டபத்துக்குப் போயிரும்.

ஆடியில எவனும் கல்யாணத் தேதி கேக்க மாட்டான், அப்பவே மாத்திப்புடலாம்னு நான் கணக்குப் போட்டேன். அக்கா கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி என்னைய மேலயும் கீழயும் பாத்தாக. வீட்டுல நான் அந்தப் பார்வையப் பாத்துக் காட்டுனா எம்பொண்டாட்டி அடுப்ப அமத்திட்டு வந்து பாப்பா. அக்கா சொன்னது இதுதான்: "ஆடியில பொண்ணு மாப்பிள்ளையவே பிரிச்சு வைக்கிறோம், நீ புதுசா ஒண்ண உள்ள கூட்டியாரேங்குற."

ரெண்டாவது கடை

சும்மா இருக்க வேணாம்னு, சர்வர அப்படியே காப்பி எடுத்து இன்னொரு எடத்துல போட்டு, அதுல புது வெர்ஷன ஏத்திப் பாத்தேன். கம்பத்துல ஏலக்கா யாவாரம் பாக்குற பஷீர் பாய்க்கு அந்தக் காப்பியோட லிங்க்க அனுப்பி, ஒங்க கடை சரியாத் தெரியுதான்னு பாருங்கன்னேன். பாய்க்கு அம்புட்டு சந்தோசம். புதுக் கடைன்னு நெனச்சு, கேரளா யாவாரிக குரூப்புல மலையாளத்துலயே எழுதிப் போட்டுட்டாக. ஆர்டரெல்லாம் காப்பிக்கு வந்து குவியுது.

எல்லாத்தையும் அள்ளி நெசக் கடையில சேத்துட்டு, அலறியடிச்சு அந்தக் காப்பிய அழிச்சேன். அக்காவோட சைட்ட அதுல சோதிச்சுப் பாக்கவே இல்லைங்கிறது அப்ப தோணல. பாய் கோவிக்கல. ஒரு பொட்டலம் ஏலக்கா கையில குடுத்துச் சொன்னாக: "ஒனக்குக் கடை தொறக்கத் தெரியுது தம்பி, மூடத்தான் தெரியல."

ஏழரைக்கு மேல

ஆவணி பொறந்துச்சு. மண்டபத்து சைட்டுல கூட்டம்னா கூட்டம், கை வைக்க நேரமே இல்ல. யாரு எப்ப வந்து போறாகன்னு சர்வர் எழுதி வச்சிருக்குமில்ல, அதப் பொரட்டுனேன். ராகுகாலத்துல வாராக, மண்டபத்து ஃபோட்டோவப் பாக்குறாக, ஆனா தேதி புடிக்கிற பட்டன மட்டும் ஒருத்தரும் அமுக்கல. ராகுகாலம் முடிஞ்ச நிமிசம் மொத்தமா வந்து விழுகுறாக.

திங்கக்கெழம ராகுகாலம் ஏழரையில இருந்து ஒம்பது. அந்நேரம் ஏத்தி, ஏதாச்சும் கோளாறாகி, மொதல்ல எடுத்து வச்ச காப்பிக்கே திரும்பிப் போனாலும் ஒரு புக்கிங்கூடத் தொலையாது. அக்கா ஏசுவாகன்னு பயந்துக்கிட்டே கேட்டேன். "நல்ல காரியம் ஆரம்பிக்கத்தான்டா ராகுகாலம் ஆகாது, ரிப்பேருக்கு என்ன வந்துச்சு, பாரு" அப்டின்னாக.

வரி நம்பர்

காப்பி எடுத்தேன், ஏத்துனேன். பழைய செட்டிங்க வச்சுக்கிறவா, புதுசா மாத்தவான்னு கேட்டுச்சு. பழசே இருக்கட்டும்னேன். எல்லாம் முடிஞ்சு சர்வர ஸ்டார்ட் பண்ணுனா எந்திரிக்க மாட்டேங்குது. செவப்பா இங்கிலீசு கொட்டுது. எனக்கும் இங்கிலீசுக்கும் பள்ளிக்கூடத்துலயே தகராறு. உத்தமபாளையத்துல இதே தொழில் பாக்குற ஜெயபாண்டிக்கு ஃபோனப் போட்டேன்.

பழைய காப்பியப் போட்டுரவான்னேன். அது எங்கயும் போகாது, மொதல்ல செட்டிங்க சோதிக்கிற கமாண்டப் போட்டு வந்தத வாசின்னான். எழுத்துக் கூட்டி வாசிச்சேன். அக்கா சைட்டோட செட்டிங்குல ஒரு பழைய வரி, புது வெர்ஷனுக்கு அது ஆகாதாம். அத அமத்திட்டு மறுபடி சோதிச்சேன், சரின்னுச்சு. ஸ்டார்ட் குடுத்தேன், எந்திரிச்சிருச்சு. மணி ஒம்பதாகல. ஜெயபாண்டி சொன்னான்: "எந்த ஃபைலு, எத்தனாவது வரின்னு அதுவே சொல்லுது மாப்ள, ஒனக்கு வாசிக்கச் சொல்ல ஒரு ஆளு வேணும், அம்புட்டுதான்."

மண்டபத்து ஃபோன்

ஒம்பதுக்கு மேல புக்கிங் வரிசையா விழுந்துச்சு. அப்பத்தான் மூச்சு வந்துச்சு. அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு போனேன். சைட்டு படுத்திருந்த நேரத்துல மண்டபத்துக்கு ஃபோன் மேல ஃபோனாம். வேற ஆளா இருந்தா என் மானத்த வாங்கியிருப்பாக. அக்கா என்னையக் காட்டிக்குடுக்கல. ராகுகாலம், அதான் நாங்களே மூடி வச்சிருக்கோம், ஒம்பதுக்கு மேல வாங்கன்னு எல்லாருக்கும் பதில் சொல்லியிருக்காக. எம்புட்டு மொறையான மண்டபம்னு மெச்சிக்கிட்டே, ஒருத்தர்கூட வேற எடம் போகாம காத்துக் கெடந்திருக்காக.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நன்றி சொல்ல வாயத் தொறந்தேன், அதுக்குள்ள அக்கா சொல்லிட்டாக: "நல்லாத்தான்டா இருக்கு, இனிமே தெனமும் ராகுகாலத்துல அத மூடிப்போட்டுரு."

ஊரு ஒலகத்துல எல்லாரும் சர்வர் படுக்காம இருக்கச் சம்பளம் வாங்குறாக, நான் ஒருத்தன்தான் தெனமும் ஒண்ணர மணி நேரம் அக்கா சைட்டப் படுக்கப் போட்டு நல்ல பேரு வாங்குறேன்.