எட்டாவது எலும்பு

மகளின் முதுகுவலிக்காக நேற்றுப் பொரளையில் ஒரு டொக்டரிடம் போயிருந்தோம். மேசையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று நின்றது. விலா எலும்புகள் பொருந்தும் பன்னிரண்டு முள்ளெலும்புகளையும் என் விரல் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது.

பிள்ளைகளே, நான் சின்னவனாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடி அறையில் சேகர் அண்ணா வாடகைக்கு இருந்தார். டொக்டருக்குப் படித்தவர். கட்டிலுக்கடியில் எப்போதும் பூட்டிய பெட்டி ஒன்று. "சூனியச் சாமான்தான்," என்று அம்மா அடித்துச் சொல்வார். ஒருநாள் அது திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன்; பழைய மெழுகுதிரி மணத்தோடு மனித எலும்புகள்! ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் அண்ணா முள்ளெலும்புகளை மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றின் இரு பக்கமும் விலா எலும்பு வந்து அமரும் சிறு குழிகள் இருந்தன. ஏழாவதோடு அடுத்தது பொருந்தவில்லை.

"எட்டாவதைக் காணேல்ல. நாளைக்குச் சோதனை. தம்பி, நீயோ எடுத்தனீ?"

"சத்தியமா இல்ல அண்ணா!"

வீட்டில் ஊசி தொலைந்தாலும் முதலில் என் காதைத் திருகும் அம்மா, அன்று வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். அம்மா எதையும் ஒளித்துவைக்கும் அந்தோனியார் சுரூபத்தின் பின்னால் தேடினேன். அம்மாவின் கைலேஞ்சித் துணியில் சுற்றியபடி எலும்பு இருந்தது.

அதை அண்ணாவிடம் நீட்டியபோது அம்மா தலைகுனிந்தார். "ஆர் பெத்த பிள்ளையோ! ஒரு துண்டுக்கெண்டாலும் மன்றாடுவமெண்டு..."

அண்ணா எலும்பை வாங்கிக்கொண்டார். சோதனை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிவந்து சுரூபத்தடியில் வைத்தார்.

"மிச்சத்துக்கும் மன்றாடுங்கோ, அன்ரி."

டொக்டரின் மேசையருகே மகள் என் கையைத் தட்டினாள். "அப்பா, என்ன எண்ணுறீங்க?"

"எல்லாம் இருக்கோ எண்டு பாக்கிறன்."