தண்ணி உடு, தண்ணி உடுங்க, தண்ணி உடுங்க சாமி

கேமுக்கு வசனம் எழுதுவது என்றால், மூன்று கைகாட்டி நட்டு மூன்று பாதையையும் ஒரே ஊருக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை. "உங்க கருத்தைத் தாராளமாச் சொல்லுங்க" என்று கூட்டம் போட்டுவிட்டு, முடிவை முந்தின நாளே எடுத்துவைத்திருக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் நாம் பங்காளிகள், மேலே படியுங்கள்.

மூன்று பட்டன்

எங்கள் கம்பெனி ராசிபுரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி தங்கவேல் அண்ணன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியில் சம்பாதித்த குடும்பம், தோட்டம் துரவும் உண்டு. எங்கள் கேமில் ஆடுகிறவர் ஒரு கூலிக்காரரின் மகனாக மாறி ஊர் ஊராகப் போய்க் காரியம் சாதிக்க வேண்டும். ஓர் ஊரில் நிலத்துக்காரர், இங்கே பண்ணாடி என்போம், வாய்க்காலை அடைத்துவைத்திருக்கிறார். அவரிடம் பேச மூன்று பட்டன் வைத்தேன். "தண்ணி உடுங்க சாமி", "தண்ணி உடுங்க", "தண்ணி உடு". மூன்றாவதை அழுத்தினால் அவர் கொதிப்பார், கூலி வேலை நிற்கும், ஊர் இரண்டுபடும், கதையே வேறு பக்கம் போகும்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் பாசமாகச் சாமி என்பார்கள். என் அப்பா சொன்னது பாசத்தில் இல்லை. அறுபது வயதில், உர மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, பண்ணாடி வீட்டுப் பத்து வயதுப் பேரனிடம் "எங்க எறக்கட்டுங்க சாமி?" என்று கேட்டார். பையன் செல்போனிலிருந்து தலை நிமிரும்வரை அப்படியே நின்றார். அந்த மூன்றாவது பட்டனை அவருக்காகத்தான் எழுதினேன். அது ஒன்று கேமில் நிற்கவேண்டும், வேறெதை வெட்டினாலும் கவலையில்லை என்று இருந்தேன். தங்கவேல் அண்ணன் படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "எல்லாஞ் செரிங்க தம்பி, இதுல அரசியல் வருதுங்களே."

தலை உருண்டால் தப்பில்லை

அதே கேமின் முதல் கட்டத்தில், ஆடுகிறவர் ஓர் அரண்மனைக்குள் புகுந்து நாற்பது காவலரை வெட்டிச் சாய்த்து, ராஜாவின் தலையையும் உருட்டிவிட்டு வருகிறார். முழு ஆட்சிக் கவிழ்ப்பு! அதைப் பார்த்து ஆபீசே கைதட்டியது. நாற்பது பேரைக் கொல்லலாம், ஒரே ஒரு "ங்க"வை விடக்கூடாதா என்று கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. "அவன் எவனோ ராஜாங்க தம்பி. இவரு பாக்கறதுக்கு எங்க பெரியப்பனாட்டம் இருக்காருங்க."

மரியாதை மீட்டர்

கம்ப்யூட்டரில் இதையெல்லாம் ஓடவைக்கும் விமலா அயோத்தியாப்பட்டணத்துக்காரி, கெட்டிக்காரி. அண்ணன் சொன்னார் என்று திரையின் மூலையில் "மரியாதை" என்று ஒரு மீட்டர் வைத்தாள். "சாமி" என்றால் ஐந்து ஏறும். "ங்க" மட்டும் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். மொட்டையாக "உடு" என்றால் பத்து இறங்கி, திரை சிவந்து, செல்போன் கையில் அதிரும். தண்ணீரை அடைத்தவருக்கு ஒன்றும் இல்லையாம், கேட்டவனுக்கு அபராதமாம். என்னே நியாயம்!

பண்ணாடி வாயைத் திறந்தாலே "டேய்" என்கிறாரே, அவருக்கு எத்தனை இறங்கும் என்று கேட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அவருக்கு மீட்டரே கிடையாதுண்ணா. மீட்டர் ஆடுறவங்களுக்கு மட்டும்தான்."

பலன் எதற்கு

பிறகு பெரிய மனது வந்து ஒரு சமரசம் செய்தார்கள். மீட்டர் வேண்டாம், மூன்று பட்டனும் இருக்கட்டும். ஆனால் எதை அழுத்தினாலும் பண்ணாடி சிரித்துக்கொண்டு "செரி, உடறேன் போ" என்பார். வாய்க்கால் திறக்கும், பின்னணியில் நாதஸ்வரம் வேறு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இது பச்சை ஏமாற்று, இப்படித்தான் என்றால் கேமிலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள் என்று கத்தினேன். கெஞ்சுவார்கள் என்று நினைத்தேன், நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். அண்ணன் பொறுமையாக எனக்குச் சனநாயகத்தை விளக்கினார். "வேணுங்கற பட்டனை அமுக்கற உரிமையைக் குடுத்தாச்சுங்க தம்பி. அப்பறம் பலன் வேற எதுக்குங்க?"

பெரியவர் அழுத்தியது

கேமை முதலில் ஆடிப்பார்க்க அண்ணன் தன் அப்பாவையே கூட்டிவந்தார். ஜேடர்பாளையத்துப் பக்கம் வாழையும் கரும்புமாக நல்ல பூமி வைத்திருப்பவர், வாய்க்கால் சண்டை அவருக்குப் பழக்கம். மூன்று பட்டனையும் சத்தமாகப் படித்தார். குறும்பாக எங்களைப் பார்த்துவிட்டு "தண்ணி உடு" என்பதை அழுத்தினார். திரையில் பண்ணாடி சிரித்தார், தண்ணீர் வந்தது. பெரியவர் திரும்பவும் முதலிலிருந்து வரச்சொல்லி அதையே அழுத்தினார். மறுபடியும் அதே சிரிப்பு, அதே தண்ணீர்.

அவர் கோபப்படுவார் என்று அண்ணன் பயந்தார். கோபமே இல்லை, கலப்பட விதை வாங்கி ஏமாந்தவர் முகம்தான் இருந்தது. அந்த ஆபீசில் என் காட்சி எப்படிப் போயிருக்கவேண்டும் என்று புரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. போனை மகனிடம் நீட்டினார். "என்ன சாமி இது? எங்கிட்ட ஒருத்தன் இப்படிக் கேட்டிருந்தா, நான் தண்ணியா உட்டிருப்பேன்?"

மறுநாளே மூன்று பட்டனையும் எடுத்துவிட்டு வாய்க்காலைத் தானாகவே ஓடவிட்டார்கள், ஆகவே எங்கள் கேமில் இப்போது துளி அரசியலும் கிடையாது, அது மொத்தமும் ஊருக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.